நீட்டி விடும் மூச்சு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் 'அகச் சக்தியும் எளிய மூச்சுப் பயிற்சியும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்து இரண்டு சாரார் வந்திருப்பீர்கள். குண்டலினியை எழுப்பும் வழியைச் சொல்வேன் என்று முன்வரிசையில் சிலர். இதெல்லாம் சும்மா என்று ஒரு மருத்துவ ஆசிரியர் போட்டு உடைப்பார் என்று பின்வரிசையில் சிலர். இரு சாராரையுமே கொஞ்சம் ஏமாற்றப் போகிறேன். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். சுவாச மண்டலம் என் பாடம். காலையில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கண்ணை மூடும் பழக்கமும் எனக்கு நெடுநாளாக உண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை வரவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சுப் பயிற்சி என்றதும் நம்மவர்களுக்கு மூன்று ஆசைகள்: நிறைய உள்ளே இழுக்க வேண்டும், நெடுநேரம் அடக்க வேண்டும், சக்தியை மேலே ஏற்ற வேண்டும். வீட்டில் தானாகச் செய்யக்கூடிய எளிய பயிற்சியின் பலன் இந்த மூன்றிலும் இல்லை. மெல்ல வெளியே விடுவதிலும், அடக்காமல் இருப்பதிலும், ஏறியதைக் கீழே இறக்கத் தெரிவதிலும்தான் அது இருக்கிறது. இதை நவீன மருத்துவம் வந்துதான் சொல்ல வேண்டும் என்றில்லை. நம் பழைய நூல்களே இந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுகின்றன. அவற்றின் பெயரைச் சொல்லி வகுப்பு நடத்துகிறவர்கள்தாம் மறுபக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

யோக நூல்களில் ஒரு கணக்கு வருகிறது: மனிதனுக்கு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. ஒரு நாளில் 1,440 நிமிடம். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்குச் சரியாக 15. ஓய்வாக இருக்கும் வயதுவந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்று இன்றைய பாடநூல் சொல்கிறது. இன்றைய கடிகாரம் இல்லாத காலத்தில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து எண்ணியிருக்கலாம். இந்த மரபின் மீது எனக்கு மரியாதை வந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஒளிவட்டம் தெரிந்தது, அந்தரத்தில் மிதந்தார் என்கிற கதைகளில் அல்ல.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்வது. அதில் பிராணாயாமத்துக்குத் திருமூலர் கொடுக்கும் அளவு நம்மில் பலருக்கும் தெரிந்ததே: பூரகம் (இழுப்பது) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குவது) 64, இரேசகம் (விடுவது) 32. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று நம் இலக்கணக்காரர்கள் சொன்ன அதே மாத்திரைதான். ஒரு மாத்திரையை அரை வினாடி என்று குறைத்து வைத்தாலும் மொத்தம் 112 மாத்திரைக்கு 56 வினாடி ஆகிறது. அதாவது நிமிடத்துக்கு ஒரே ஒரு மூச்சு. பல ஆண்டுகள் ஆசானின் கண்ணெதிரில் பழகியவருக்கு உரிய அளவு இது. நேற்றுவரை மாடிப்படி ஏறினால் இரைத்தவர், இன்று ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு 64 எண்ண உட்கார்ந்தால் என்ன ஆகும்? முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் மூச்சு வெடித்துக்கொண்டு வெளியே வரும். அப்படி வெடித்து வந்தாலே அந்தச் சுற்று வீண்.

கும்பகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் பாருங்கள். இழுப்பது 16, விடுவது 32. இழுத்ததைப் போல இருமடங்கு நேரம் விட வேண்டும். நடுவிலுள்ள 64-ஐப் பார்த்து மயங்கிய நாம், அந்த 32-ஐக் கவனிக்கவே இல்லை. பதஞ்சலியும் அப்படித்தான். யோக சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் மனம் தெளிய அவர் அடுக்கும் வழிகளில் ஒன்று மூச்சு. அங்கே அவர் சொல்வது மூச்சை வெளியேற்றுவதையும் தடுத்து நிறுத்துவதையும். உள்ளிழுப்பதைப் பற்றி அந்தச் சூத்திரத்தில் பேச்சே இல்லை. அடயோக நூல்களில் பெயர்பெற்ற 'ஹட யோக பிரதீபிகை' இன்னும் கண்டிப்பானது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மூச்சைச் சிறிது சிறிதாகப் பழக்கச் சொல்கிறது. முறைதவறினால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி வரும் என்று நோய்களைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. பக்கவிளைவுகளை இவ்வளவு நேர்மையாக அச்சிடும் விளம்பரத்தை இன்று நீங்கள் எங்கும் பார்க்க முடியாது.

இனி என் வகுப்பறைக்கு வாருங்கள். கணக்குதான், ஆனால் எளிய கணக்கு.

சாதாரணமாக நாம் இழுக்கும் ஒரு மூச்சு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர். இதில் 150 மில்லி மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் தங்கி, நுரையீரலின் காற்றறைகளை எட்டாமலே திரும்பிவிடும். ஒவ்வொரு மூச்சும் சுங்கச்சாவடியில் 150 கட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு, தலைக்கு 500 என்றால் மொத்தம் 7,500 மில்லி. சுங்கம் போக உள்ளே சேர்வது 5,250. பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 முறை, 250 மில்லி வீதம் மேலோட்டமாக மூச்சு விடுகிறார். அவருக்கும் மொத்தம் 7,500 தான். ஆனால் உள்ளே சேர்வது 3,000. ஒருவர் நிதானமாக நிமிடத்துக்கு 6 முறை, 1,250 மில்லி வீதம் விடுகிறார். மொத்தம் அதே 7,500. உள்ளே சேர்வது 6,600. காற்று ஒன்றே, வரவு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. மெதுவான மூச்சு சிக்கனமானது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு தவறான விளம்பரத்தையும் களைந்துவிட வேண்டும். ஆழமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் பிராணவாயு கூடிவிடும் என்று சொல்லாத யோகா துண்டறிக்கை கிடையாது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்திருந்தோமே, அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நலமாக இருப்பவருக்குச் சும்மா இருக்கும்போதே 97, 98 என்று காட்டும். நூறுக்கு மேல் நிரப்ப இடமில்லை. ஆகவே இந்தப் பயிற்சியின் பலன் ஆக்சிஜன் கூடுவதால் வருவது அல்ல. பிறகு எதனால்?

இதயத்தால். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவாகும், வெளியே விடும்போது தளரும். 1847-இல் ஜெர்மானிய உடலியங்கியலார் கார்ல் லுட்விக் இதைக் கருவியில் பதிவு செய்தார். வெளியே விடும் நேரத்தில்தான் வேகஸ் என்கிற பெரிய நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. விடும் நேரத்தை நீட்டினால் கடிவாளம் பிடிபட்டிருக்கும் நேரமும் நீளும். அடுத்த செய்தி இன்னும் சுவையானது. நம் கழுத்துத் தமனியிலும் மகா தமனியிலும் இரத்த அழுத்தத்தை வேவு பார்க்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் இதயத்தைத் தளர்த்தும், குறைந்தால் முடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கென்று ஒரு தாளம் உண்டு. ஒரு சுற்றுக்குச் சுமார் 10 வினாடி. நம் மூச்சும் 10 வினாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு 6 என்று அமைந்துவிட்டால் இரண்டு தாளங்களும் சேர்ந்துகொள்ளும். அப்போது அந்த அழுத்தக் கட்டுப்பாடு மிகக் கூர்மையாக வேலை செய்கிறது.

2001-ஆம் ஆண்டு இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேர். ஒருமுறை இலத்தீன் மொழியில் ஜெபமாலையின் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்ல வைத்தார்கள். இன்னொருமுறை ஒரு பௌத்த மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறுக்கு அருகில் வந்து நின்றது. நான் சொன்ன அந்த அழுத்தக் கட்டுப்பாடும் கூர்மையானது. யாரும் அவர்களை மூச்சை எண்ணச் சொல்லவில்லை. சொற்களின் நீளமே மூச்சை அளந்துவிட்டது. மாலையில் நம் ஊர்க் கிறித்தவ வீடுகளில் ஜெபமாலை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். சொல்லும்போது மூச்சு வெளியே போகிறது, கேட்கும்போது உள்ளே வருகிறது. ஓதுவார் ஒரு பதிகத்தை விருத்தமாக இழுத்துப் பாடுவதும், முஸ்லிம்கள் திக்ரு ஓதுவதும், குழந்தையைத் தூங்க வைக்கும் தாலாட்டில் கடைசி எழுத்தை நீட்டுவதும் உடலியங்கியல் பார்வையில் ஒரே வேலைதான்: குறுகிய இழுப்பு, நீண்ட விடுதல். நாகசுரக்காரரிடம் போய்ப் பிராணாயாமம் செய்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் சிரிப்பார்.

இனிச் 'சக்தி'க்கு வருகிறேன். இங்கேதான் எச்சரிக்கையாகப் பேச வேண்டும்.

வேகமாகவும் ஆழமாகவும் தொடர்ந்து சில நிமிடம் மூச்சு விட்டால் விரல் நுனியில் குறுகுறுப்பு வரும், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருக்கும், தலை லேசாகும், சிலருக்குக் கண்ணுக்குள் வெளிச்சம் தெரியும், சிலருக்குக் கை விரல்கள் தாமாக மடங்கி விறைத்துக்கொள்ளும். பல முகாம்களில் இதைத்தான் 'சக்தி ஓட்டம்' என்று சொல்லிக் கைதட்டுகிறார்கள். நடப்பது இதுதான்: அவசரமாக மூச்சு விடும்போது உடலிலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. கட்டற்ற கால்சியம் குறைந்து நரம்புகள் எளிதில் சீறுகின்றன, குறுகுறுப்பு அதனால். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாவது அதனால். கரியமில வாயுவைக் கழிவு என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் நம் மூச்சை நிமிடத்துக்கு நிமிடம் நடத்துவது அந்தக் கழிவுதான் என்று 1905-இல் ஆக்ஸ்போர்டில் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டினார்கள். அதற்கு ஓராண்டு முன்பு கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர், கரியமில வாயு இருக்குமிடத்தில்தான் இரத்தம் தன் ஆக்சிஜனைத் தாராளமாக இறக்கிவைக்கிறது என்று காட்டியிருந்தார். எனவே அதை ஊதித் தள்ளிவிட்டு, மயக்கம் வருவதை முன்னேற்றம் என்று எண்ணுவது உடலுக்குச் செய்யும் அநியாயம். வேகமாக ஊதும் கபாலபாதி, பஸ்திரிகை போன்றவை கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அவை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. இன்று நான் பேசுகிற எளிய பயிற்சிகளில் சேராதவை.

மூச்சை அடக்குவதற்கும் இதுபோல ஒரு கதை உண்டு. இதயத்தையே நிறுத்திக் காட்டும் யோகிகள் இந்தியாவில் இருக்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டு, 1935-இல் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் புரோஸ் இதயப் பதிவுக் கருவியுடன் இங்கே வந்தார். 1957-இல் அமெரிக்காவிலிருந்து ஆய்வாளர்கள் வெங்கர், பாக்சி இருவரும் வந்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். இவர்கள் இருவரும் டெல்லி எய்ம்ஸின் ஆனந்தும் சேர்ந்து 1961-இல் எழுதியதன் சாரம்: மணிக்கட்டில் நாடி மறைந்தது, ஸ்டெதாஸ்கோப்பில் ஓசை கேட்கவில்லை, ஆனால் இ.சி.ஜி. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி மார்பை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, நாடி தேய்கிறது. அவ்வளவுதான். வித்தை நல்ல வித்தை, இதயம் நிற்கவில்லை.

அதே எய்ம்ஸில் அதே காலத்தில் செய்த இன்னொரு சோதனை என்னை அதிகம் கவர்ந்தது. ராமானந்த யோகி என்பவரைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் பல மணி நேரம் இருக்க வைத்து, அவர் செலவழிக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். உயிர்வாழக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்ட அளவுக்கும் கீழே அது இறங்கியது. அவர் எதையும் நிறுத்திக் காட்டவில்லை, எதையும் ஏற்றிக் காட்டவில்லை. செலவைக் குறைத்துக் காட்டினார். என்னைக் கேட்டால் யோகம் இதுதான்.

சக்தியை ஏற்றுவதில் உள்ள ஆபத்துக்கு ஒரு சான்றாவணமே இருக்கிறது. காஷ்மீரத்தைச் சேர்ந்த கோபி கிருஷ்ணா அரசு அலுவலகத்தில் எழுத்தர். யாரிடமும் முறையாகத் தீட்சை பெறாமல், உச்சந்தலையில் தாமரை இருப்பதாகப் பாவித்துப் பல ஆண்டுகள் விடியற்காலையில் தியானம் செய்துவந்தார். 1937 டிசம்பரில் ஜம்முவில் ஒரு காலை, முதுகுத்தண்டு வழியாக அருவி இரைச்சலோடு ஒளி பாய்ந்து தலைக்குள் புகுந்ததாக எழுதுகிறார். அதற்குப் பிறகு வந்தது ஆனந்தம் அல்ல. தூக்கம் போயிற்று, பசி போயிற்று, உடல் உள்ளுக்குள் எரிந்தது, பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயம் பற்றிக்கொண்டது. நடு வழியான சுழுமுனையில் ஏறாமல் வலப்பக்க வழியான பிங்கலையில் ஏறிவிட்டது என்று அவர் புரிந்துகொண்டு, இடப்பக்க வழியான இடகலையில் குளிர்ச்சியைப் பாவித்த பிறகே எரிச்சல் தணிந்தது என்கிறார். ஆனாலும் முழுமையாகத் தேற ஆண்டுகள் பிடித்தன. அவருடைய விளக்கத்தை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஒரு மனிதர் தனியாக அமர்ந்து, மணிக்கணக்கில், ஒரே இடத்தில், மேலே மேலே என்று மனத்தை அழுத்தியதன் விளைவை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். குண்டலினி பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் அவரை மேற்கோள் காட்டுவார்கள். அந்த வேதனைப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல விடை கண்டவர் வேதாத்திரி மகரிஷி. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியோடும் வியாபாரத்தோடும் குடும்பத்தோடும் வாழ்ந்துகொண்டே தவம் பயின்றவர். பரஞ்ஜோதி மகானிடம் குண்டலினி யோகம் கற்றவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயிலை அமைத்தார். 2006-இல் மறைந்தார். அவர் வகுத்ததற்கு 'எளியமுறை குண்டலினி யோகம்' என்றே பெயர். அதைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றம் இல்லாத நகரம் இன்று தமிழ்நாட்டில் குறைவு. அவருடைய தத்துவ விளக்கங்கள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு உண்டு என்று சொல்ல மாட்டேன். காந்தம் என்று அவர் சொல்வதும் இயற்பியல் காந்தம் என்று சொல்வதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. ஆனால் பயிற்சியை அமைத்த விதத்தில் அவர் ஒரு தேர்ந்த ஆசிரியர்.

ஏன் என்று சொல்கிறேன். கடினமான கும்பகத்தை அவர் வாசற்படியில் வைக்கவில்லை. கைப்பயிற்சி, கால்பயிற்சி என்று தொடங்கி உடல் தளர்த்துதலில் முடியும் எளிய உடற்பயிற்சியை முதலில் வைத்தார். மூச்சுப் பயிற்சி அதில் ஓர் அங்கம் மட்டுமே. பிறகு புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவம். அதைக் கொடுத்த கையோடு சாந்தி தவத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். மேலே நிறுத்திய கவனத்தை முதுகுத்தண்டின் அடியில், மூலாதாரத்துக்குக் கொண்டுவந்து வைப்பது அது. நெற்றியில் அழுத்தம் கூடினாலோ, தலை பாரமானாலோ, தூக்கம் கெட்டாலோ, சாந்தி செய் என்பார்கள். ஏறக் கற்றுக்கொடுக்கும்போதே இறங்கவும் கற்றுக்கொடுத்த இந்த ஏற்பாடு கோபி கிருஷ்ணாவுக்குக் கிடைத்திருந்தால் அவர் அத்தனை ஆண்டுகள் அவதிப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அந்தச் சக்தி உண்மையில் இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பீர்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் உங்கள் நெற்றிக்கு அருகே விரலைத் தொடாமல் நீட்டட்டும். பெரும்பாலோருக்கு அங்கே ஏதோ கூசும். உள்ளங்கையில் ஐந்து நிமிடம் கவனம் வைத்தால் வெதுவெதுப்பும் துடிப்பும் தெரியும். இந்த உணர்வு மெய். எப்போதும் உடலிலிருந்து மூளைக்கு வந்துகொண்டிருக்கும் செய்திதான். கவனம் வைத்ததும் கேட்கத் தொடங்குகிறது. அதைச் சக்தி என்று ஒருவர் அழைத்துப் பயிற்சியில் ஊன்றி நின்றால் எனக்கு மறுப்பில்லை. அதைக் காட்டிப் புற்றுநோயைக் குணமாக்குகிறேன் என்று ஒருவர் பணம் வாங்கினால் கடுமையான மறுப்பு உண்டு.

இனிச் செய்முறை. குறிப்பெடுக்கும் மாணவிகள் இதை மட்டும் எழுதிக்கொண்டாலும் போதும்.

முதலில் உட்காருவது. பத்மாசனம் வேண்டியதில்லை, சப்பணம் போட்டோ நாற்காலியிலோ அமரலாம். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், விறைத்திருக்கக் கூடாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஒரு கையை நெஞ்சிலும் மற்றதை வயிற்றிலும் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது வயிற்றின் மேலுள்ள கை எழ வேண்டும், நெஞ்சின் மேலுள்ளது ஏறத்தாழச் சும்மா இருக்க வேண்டும். பெரியவர்கள் பலருக்கு இது தலைகீழாக நடக்கும். வயிற்றை உள்ளிழுத்து நெஞ்சைத் தூக்குவார்கள். தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்த்தால் சரியான முறை தெரியும். இந்த ஒன்றைப் பழகவே ஒரு வாரம் ஒதுக்கினாலும் தவறில்லை.

அடுத்து, மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நான்கு வினாடி மூக்கால் இழுங்கள், ஆறு வினாடி மூக்காலேயே விடுங்கள். நடுவில் அடக்காதீர்கள். மொத்தம் 10 வினாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. ஆறு எண்ண முடியாவிட்டால் மூன்றுக்கு நான்கு என்று தொடங்குங்கள். இழுப்பதைவிட விடுவது நீண்டிருப்பதே முக்கியம், எண் முக்கியமில்லை. எப்போது சரியாகச் செய்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் உண்டு: விட்டு முடித்ததும் அடுத்த மூச்சுக்கு ஆவலாகப் பாய்கிறீர்களா என்று பாருங்கள். பாய்ந்தால் அளவு அதிகம், குறையுங்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாளுக்கு ஐந்தே நிமிடம், ஒரு மாதம். சிலருக்கு நீண்ட பெருமூச்சாக விடும் பயிற்சி, சிலருக்குச் சம அளவில் இழுத்து அடக்கி விடுவது, சிலருக்கு வேகமாக விட்டு அடக்குவது, சிலருக்குத் தியானம் மட்டும். மனநிலை எல்லாருக்கும் மேம்பட்டது. அதிகம் மேம்பட்டது நீண்ட பெருமூச்சு விட்டவர்களுக்கு. ஐந்து நிமிடம் என்பதைக் கவனியுங்கள். நேரமில்லை என்ற சாக்கு இதோடு போயிற்று.

மூன்றாவது நாடி சுத்தி. வலது கைப் பெருவிரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. இடதால் இழுத்து வலதால் விடுவது, வலதால் இழுத்து இடதால் விடுவது. இது ஒரு சுற்று. விகிதம் முன்போலவே, அடக்குதல் இல்லை. நம் கிராமங்களில் சரம் பார்த்துப் புறப்படும் பெரியவர்கள் இருந்தார்கள். எந்த நாசியில் ஓட்டம் இருக்கிறது என்று பார்த்துத்தான் வாசலில் காலெடுத்து வைப்பார்கள். இரு நாசிகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறைமாற்றிக் கொள்வதை 1895-இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார்; நம் சரநூல்கள் அதற்கு முன்பே அதை வைத்து நல்லநேரம் குறித்துக்கொண்டிருந்தன. குறித்த பலன்களை நான் நம்பவில்லை, கவனித்த கண்ணைப் பாராட்டுகிறேன். சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாளில் நாடி சுத்தி வேண்டாம்.

நான்காவது பிராமரி. வாயை மூடி, வண்டு முரல்வதுபோல 'ம்' என்று விடும் மூச்சு முழுவதும் முனக வேண்டும். மூச்சை எண்ணச் சொன்னால் பதறுகிறவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இது அருமையான பயிற்சி. விடும் மூச்சு தானாக நீளுகிறது. 2002-இல் சுவீடனைச் சேர்ந்த வெய்ட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் இருவரும் முனகும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு கூடுவதை அளந்தார்கள். மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் உண்டாகும் அந்த வாயு இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் இயல்புடையது.

இவற்றில் ஏதேனும் ஒன்றை முடித்தபின் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மூச்சை நடத்தாதீர்கள், அது நடப்பதை மட்டும் பாருங்கள். கவனத்தை முதலில் புருவ மத்தியில் வைத்துக்கொள்ளலாம். எழுவதற்கு முன் முதுகுத்தண்டின் அடிக்கு, பிறகு பாதம் தரையில் படும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தலையில் பாரம் தெரிகிறவர்கள் புருவ மத்தியை விட்டுவிட்டு நேரே அடியிலிருந்தே தொடங்கலாம். மனம் ஓடத்தான் செய்யும். ஹார்வர்டு இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் வெளியிட்ட நூலில் தியானத்துக்கு வேண்டியவை என்று சொன்னவற்றில் இரண்டு: திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் அல்லது ஓசை, ஓடுகிற மனத்தைப் பற்றிக் கவலைப்படாத போக்கு. இரண்டாவதுதான் நம் மாணவர்களுக்குக் கடினம். தியானத்திலும் முதல் மதிப்பெண் வாங்கப் பார்க்கிறார்கள்.

யாருக்கு என்ன கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கண்ணில் நீரழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் மூச்சை அடக்குவதையும் வேகமாக ஊதுவதையும் தவிர்க்க வேண்டும். இன்று சொன்ன மென்மையான பயிற்சிகளை அவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் கண்ணை மூடி நெடுநேரம் தனியே உட்காரக் கூடாது. சிலருக்கு நோய் தீவிரமாகும். தியானத்தில் பயமோ படபடப்போ, இல்லாத குரலோ வந்தால் அதைச் சக்தி விழிப்பு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் இப்படித்தான் யோகத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தவர். வயது, உடல், வேலை, நோய் எல்லாவற்றையும் விசாரித்த பிறகே பயிற்சியை எழுதிக் கொடுப்பார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் அங்கேயே ஒரு யோகப் பயிற்சி நிலையத்தை நிறுவி அதே முறையைத் தொடர்ந்தார். ஆயிரம் பேரை மைதானத்தில் உட்கார வைத்து ஒலிபெருக்கியில் ஒரே எண்ணிக்கைக்கு மூச்சை அடக்கச் சொல்லும் இன்றைய விழாக்களைப் பார்த்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. இந்தக் கல்லூரி நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் காலை முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடட்டும், வேறொன்றும் வேண்டாம். மேடை, விளக்கு, சிறப்பு விருந்தினர் எதுவும் தேவையில்லை. இது மருந்துக்கு மாற்றும் அல்ல: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை அதை எப்போதும் பையில் வைத்திருக்கட்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஆசிரியர் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.